ஈயக் குண்டுக்கு வீட்டில் செய்யும் லூப்: சென்னை வெயிலில் நிற்குமா?

பெரம்பூர் பாலா

வணக்கம் நண்பர்களே. எனக்கு ஓஹையோவில் வேலை. அங்கே ஒரு மஸில் லோடர் கிளப்பில் உறுப்பினராக இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1853 என்ஃபீல்டின் நகல். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, கோலால் அடிவரை இறக்கிச் சுட வேண்டிய ரைஃபிள். துப்பாக்கி, மருந்து, குண்டு எல்லாம் அங்கேதான் பூட்டிக் கிடக்கின்றன. நான் மட்டும் கத்திரி வெயிலில் பெரம்பூரில், அம்மா வீட்டில்.

கேள்வி, குண்டில் பூசும் லூப் (வழுக்குப் பூச்சு) பற்றி. நான் சுடும் மினியே குண்டின் இடுப்பைச் சுற்றி மூன்று பள்ளங்கள் ஓடும். மெழுகும் கொழுப்பும் சேர்ந்த கலவையை அவற்றில் நிரப்புவோம். அமெரிக்காவில் பலர் கையில் இருக்கும் கணக்கு இது: எடையில் பாதி தேன்மெழுகு, பத்தில் நாலு பங்கு கிரிஸ்கோ (நம் ஊர் வனஸ்பதி மாதிரி), பத்தில் ஒரு பங்கு கனோலா எண்ணெய். குளிர்ந்த நாட்களில் அருமையாக வேலை செய்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வரிசையில் காத்திருக்கும்போதே பெட்டிக்குள் கசிந்து வழிந்துவிடுகிறது. வழிந்தது மருந்தைத் தொட்டால் அந்தத் தடவை மருந்து சரியாகப் பற்றாது.

கடையில் விற்கும் லூப் இருக்கிறது. ஆனால் நானே காய்ச்சிய கலவையோடு சுட்டு, அட்டையில் துளைகள் நெருங்கி விழுவதைப் பார்க்கும் நிறைவு வேறு. சென்னை மே மாதத்தில் நிற்கும் கலவை எங்கேயும் நிற்கும் என்று நினைக்கிறேன். 2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்த ஊர் இது. இங்கே கிடைக்கும் பொருட்களை வைத்தே செய்து பார்க்கப் போகிறேன். கலப்படம் இல்லாத தேன்மெழுகு எங்கே கிடைக்கும்? கிரிஸ்கோவுக்குப் பதிலாக எதைப் போடலாம்?


நெறியாளர்

இழை திறந்தே இருக்கட்டும். ஒரே நிபந்தனை: பேச்சு மெழுகு, கொழுப்பு, எண்ணெய் இவற்றோடு நிற்க வேண்டும். கரிமருந்து செய்வது, இங்கே வீட்டில் குண்டு வார்ப்பது பற்றி எழுதினால் நீக்கிவிடுவோம். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் பாகங்களுக்கும் அவற்றைச் செய்யும் கருவிகளுக்கும்கூட உரிமம் வேண்டும். மெழுகு காய்ச்ச எந்த உரிமமும் வேண்டாம்.


மெழுகுக்காரி

பாலா சார், துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மயிலாப்பூரில் லிப் பாம், மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன், மெழுகும் எண்ணெயும்தான் என் பிழைப்பு. நீங்கள் கேட்பது எங்கள் தொழிலில் தினமும் வரும் கேள்வி. புனேவில் கெட்டியாக இருக்கும் பாம் சென்னையில் ஏன் குழைகிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்காத கோடை இல்லை.

முதலில் மெழுகு. பாரிமுனையில் கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் ரசாயனக் கடைகளில் தேன்மெழுகு என்று கேட்டால் மஞ்சள் கட்டி ஒன்றைத் தருவார்கள். அதில் பாரஃபின் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நிறத்தையும் வாசனையையும் நம்பாதீர்கள், இரண்டையும் சேர்த்துவிட முடியும். நான் செய்யும் சோதனை இது. ஒரு கண்ணாடி டம்ளரில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. சந்தேக மெழுகில் ஒரு துணுக்கு, நிச்சயமாகத் தேன்கூட்டிலிருந்து எடுத்த மெழுகில் ஒரு துணுக்கு, வெள்ளை மெழுகுவர்த்தியில் ஒரு துணுக்கு, மூன்றையும் போடுங்கள். மூன்றும் அடியில் போய் உட்காரும். இப்போது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். மெழுகுவர்த்தித் துணுக்கு முதலில் எழும்பும். தேன்மெழுகு வெகுநேரம் அடியிலேயே கிடந்து, நிறையத் தண்ணீர் சேர்ந்த பிறகுதான் மேலே வரும். சந்தேகத் துணுக்கு நடுவில் எழும்பினால் கலப்படம். துணுக்கில் காற்றுக் குமிழி ஒட்டாமல் விரலால் அமுக்கிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் நல்ல மெழுகும் மிதந்து ஏமாற்றும்.

தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில். அதைச் சுத்தமாக வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.


ராயபுரம் டேவிட்

கிரிஸ்கோவுக்குப் பதில் ஆட்டுக்கொழுப்பு பாஸ். எங்கள் மாமாவுக்குக் கறிக்கடை. குண்டிக்காயைச் சுற்றி இருக்கும் கொழுப்பைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் கெட்டி. உடம்பின் மற்ற இடத்துக் கொழுப்பு கொழகொழவென்று இருக்கும். செம்மறியில் நிறைய வரும், வெள்ளாட்டில் கொஞ்சம்தான்.

பொடிப்பொடியாக நறுக்கி, முழுகும் அளவு தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் வேகவிடுங்கள். வடிகட்டி ஆறவைத்தால் மேலே வெள்ளைத் தட்டாக உறையும். அதை எடுத்து அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிப் போட்டுவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் இதே மாதிரி. கவிச்சி போகும்வரை செய்யுங்கள். கடைசியில் தண்ணீர் இல்லாமல் சின்னத் தீயில் வைத்து, சடசடப்பு அடங்கும்வரை உருக்கி எடுத்தால் ஈரம் போய்விடும். ஈரம் இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். உப்பு போடவே கூடாது.


பெரம்பூர் பாலா

டேவிட் சொன்ன உப்பு விஷயம் எங்களுக்கு உயிர்நாடி. உப்பு போட்ட பன்றிக்கொழுப்பு, உப்பு போட்ட வெண்ணெய் எல்லாம் குழலுக்குள் போனால் துரு உறுதி.

வீட்டில் நெய் நிறைய இருக்கிறது. நெய்யும் தேன்மெழுகும் மட்டும் போதுமா? அம்மா காய்ச்சும் நெய்யில் உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.


கோட்டைக் கொத்தளம்

நெய் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பாலா கேட்பதை 1857-இல் ஒரு பேரரசே கேட்டது.

இதே என்ஃபீல்டு ரைஃபிள்தான். அதன் தோட்டா ஒரு காகிதக் குழாய். மேல்பக்கம் மருந்து, கீழே குண்டு, குண்டு இருக்கும் முனையில் வெளிக்காகிதத்தின் மேல் கொழுப்பு. சிப்பாய் காகிதத்தின் மேல்முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, கொழுப்புப் பூசிய முனையைக் குழலுக்குள் வைத்து, மிச்சக் காகிதத்தைக் கிழித்துவிட்டு இறக்க வேண்டும். அந்தக் கொழுப்பு மாட்டுடையதா, பன்றியுடையதா என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டம்மில் கிளம்பியது. புது ரைஃபிளுக்குப் பயிற்சி கொடுத்த மூன்று இடங்களில் டம்டம் ஒன்று, மற்றவை அம்பாலா, சியால்கோட். அந்த மாதக் கடைசியிலேயே, கொழுப்பு பூசாத தோட்டாவைக் கொடுத்து, சிப்பாய்களே தங்களுக்கு ஏற்றதைப் பூசிக்கொள்ளட்டும் என்று அரசு இறங்கி வந்தது. நெய்யும் தேன்மெழுகும் அப்போது பேசப்பட்ட கலவைகளில் ஒன்று. பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையையும் மாற்றினார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. மீரட்டில் ஏப்ரல் 24 அன்று 85 குதிரைப்படை வீரர்கள் தொட மறுத்தது புதுத் தோட்டாவைக்கூட அல்ல, பழைய வகையைத்தான். வேலூரில் 1806-இல் தலைப்பாகையின் தோல் பட்டையால் வெடித்ததைப் பார்த்த பிறகும் மனிதர்களின் நம்பிக்கையைக் கணக்கில் எடுக்காத நிர்வாகம் அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

சமயக் காரணம் ஒருபுறம் இருக்கட்டும், தொழில்நுட்பமும் அவர்களைக் கைவிட்டது. இங்கிலாந்தில் போட்ட கலவையில் விலங்குக் கொழுப்பு அதிகம், மெழுகு கொஞ்சம். வெப்ப நாடுகளில் அது உருகிக் காகிதத்தில் ஊறி, குண்டின் மேல் ஒன்றுமே மிஞ்சவில்லை. பழைய தோட்டாக்கள் குழலில் இறங்க மறுத்தன. 1850களின் முடிவுக்குள் குண்டின் விட்டத்தை .568 அங்குலத்திலிருந்து .550-க்குக் குறைத்தார்கள். பூச்சையும் தேன்மெழுகுக்கு மாற்றினார்கள். உங்கள் ஜூலை மாதப் பெட்டியில் நடப்பது அதுவேதான்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகளைப் பார்க்க ஆசை இருந்தால் கோட்டை அருங்காட்சியகமும் எழும்பூர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. எழும்பூரில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்களும் உண்டு.


பெரம்பூர் பாலா

ஐயா, மிக்க நன்றி. அந்த ரைஃபிளைத் தோளில் வைத்துச் சுடுகிறவன் நான், 1857 கதையும் படித்தவன். ஆனால் வெயிலில் உருகியதும் அந்தக் கதையின் ஒரு பகுதி என்று இப்போதுதான் தெரிகிறது.


தாம்பரம் வேதியியல்

நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

லூப் என்றதும் வழுக்குவதற்கு என்று நினைக்கிறோம். கரிமருந்துத் துப்பாக்கியில் அது இரண்டாவது வேலை. கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவோ படிவாகவோ திடப்பொருளாகத்தான் மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்ஃபேட், கொஞ்சம் சல்ஃபைடு, எரியாத கரி. அடுத்த குண்டை இறக்கும்போது குழலில் ஒட்டியிருக்கும் இந்தப் படிவு காய்ந்து இறுகி இருந்தால் குண்டு பாதியில் நின்றுவிடும். கொழுப்பு அந்தப் படிவோடு கலந்து அதை மையாகக் குழைத்து வைக்கிறது. அதனால் எவ்வளவு வெயிலுக்கு நிற்கிறது என்பது பாதிக் கேள்விதான். குழலுக்குள் எவ்வளவு குழைகிறது என்பது மறுபாதி. மெழுகைக் கூட்டிக்கொண்டே போனால் முதல் பாதியில் ஜெயித்து மறுபாதியில் தோற்பீர்கள்.

இரண்டாவது. பொட்டாசியம் கார்பனேட் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானே இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் அந்தப் படிவு தானாகவே இளகும். வறண்ட ஊரில் கல்லாகக் காயும். ஆகவே சென்னை மொட்டைமாடி உங்களுக்கு உருகுநிலையை மட்டும்தான் சொல்லும். இங்கே நின்றுவிட்டது என்பதற்காக ஓஹையோவில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாவது, ஈயம். கொழுப்பு சிக்குப் பிடிக்கும்போது அதிலிருந்து கொழுப்பமிலங்கள் பிரியும். அவை ஈயத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும். பூத்த குண்டு பருத்துவிடும். கொத்தளம் ஐயா சொன்ன பழைய தோட்டாக்கள் இறங்க மறுத்ததில் இதற்கும் பங்கு உண்டு. எனவே பூசிய குண்டை வருடக்கணக்கில் வைக்காதீர்கள். எண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் நல்லெண்ணெய் நல்லது, அதற்குச் சீக்கிரம் சிக்கு வராது. ஆளிவிதை எண்ணெய் பக்கம் போகவே வேண்டாம், அது காற்றுப் பட்டால் வார்னிஷ் போல இறுகும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறைவது. இங்கே ஒரு குணம், அங்கே அக்டோபரில் வேறு குணம் காட்டும்.


மெழுகுக்காரி

நெய்யும் அதே கதைதான் சார். 35 டிகிரிக்குள் உருகிவிடும். சென்னையில் நெய்ப் பாத்திரம் மே மாதத்தில் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாததா. மெழுகோடு சேர்ந்தால் கலவை உறையும், ஆனால் அழுத்தினால் எண்ணெய் பிதுங்கும். வனஸ்பதி கொஞ்சம் மேல். 41 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி, அதனால் அதற்குள் எங்கேயாவது உருகும். ஆட்டுக்கொழுப்பு இவை எல்லாவற்றையும்விடக் கெட்டி. கையில் படும் பொருளாக இருப்பதால் நான் அதைத் தொடுவதில்லை, உங்கள் வேலைக்கு அதுதான் சரி என்று தோன்றுகிறது.

கெட்டியை எங்கள் முறையில் ஒரு விதி வைத்துச் சொல்கிறேன். ஒரு பங்கு தேன்மெழுகுக்கு நாலு பங்கு எண்ணெய் என்றால் களிம்பு. மூன்று பங்கு என்றால் லிப் பாம். சமபங்கு என்றால் நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டிய கட்டி. உங்களுக்கு வேண்டியது அந்தச் சமபங்குக்குச் சற்று அந்தப் பக்கம், இந்தப் பக்கம்.

காய்ச்சும்போது நேரடித் தீ வேண்டாம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சின்னப் பாத்திரம். முதலில் மெழுகு முழுதும் உருகட்டும், அப்புறம் கொழுப்பு, கடைசியில் எண்ணெய். ஐஸ்குச்சியால் கிளறுங்கள். ஓரத்தில் லேசாகப் பால் நிறம் தட்டும்போது ஊற்றினால் மணல் மணலாக உறையாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றி அப்படியே மெதுவாக ஆறவிட்டால் கொழுப்பு தனியாகக் குருணை கட்டும்.


அண்ணாநகர் கார்காரர்

கேட்கக் கூடாது என்றாலும் கேட்கிறேன். வண்டிக்குப் போடும் கிரீஸ் எவ்வளவு வெயிலுக்கும் உருகாதே. அதைப் போட்டால் என்ன?


பரங்கிமலை சுபேதார்

தம்பி, வேண்டாம். ராணுவத்தில் ஆயுதப் பட்டறையில் இருந்தவன் சொல்கிறேன். இன்றைய புகையில்லா மருந்துத் துப்பாக்கிக்குப் பெட்ரோலிய எண்ணெய் சரி. கரிமருந்தோடு அது சேர்ந்து எரிந்தால் தார் மாதிரி ஒரு கறுப்புப் படிவு வரும். சுரண்டி எடுக்க உயிர் போகும். அதனால்தான் மஸில் லோடர் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகத் தேன்மெழுகும் கொழுப்பும் என்று நிற்கிறார்கள். சுடுவதற்கு முன்னால் குழலில் இருக்கும் காப்பு எண்ணெயைக்கூட ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத்தான் மருந்து கொட்டுவார்கள்.


பெரம்பூர் பாலா

சுபேதார் ஐயா சொல்வது முழுக்க உண்மை. ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். பாரஃபின் மெழுகும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான், ஆனால் சுத்திகரித்தது அந்தக் கணக்கில் வராது என்று சொல்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் நன்றாக ஓடும் ஒரு பழைய கலவை, எடையில் ஒரு பங்கு பாரஃபின், ஒரு பங்கு ஆட்டுக்கொழுப்பு, அரைப் பங்கு தேன்மெழுகு. நானே அதைச் சுட்டிருக்கிறேன், தார் எதுவும் வரவில்லை. ஆனால் பாரஃபின் உடையும் குணம் கொண்டது. குளிரில் பள்ளத்திலிருந்து செதில் செதிலாக உதிர்ந்தது. தேன்மெழுகு ஒட்டிக்கொண்டு இருக்கும். அதனால்தான் கலப்படம் இல்லாத மெழுகு வேண்டும் என்று கேட்டேன்.

மெழுகு கிடைத்துவிட்டது. ஸ்பிரிட் சோதனையில் முதலில் வாங்கிய கட்டி நடுவில் எழும்பிவிட்டது, அதைத் திருப்பிக் கொடுத்தேன். நாட்டு மருந்துக் கடை ஒன்றில் வாங்கியது அடியிலேயே கிடந்தது. டேவிட் அனுப்பிவைத்த குண்டிக்காய்க் கொழுப்பும் வந்து சேர்ந்தது. இந்த வார இறுதியில் காய்ச்சுகிறேன்.


ராயபுரம் டேவிட்

குண்டே இல்லாமல் எதில் பூசிப் பார்ப்பீர்கள்? காசிமேட்டில் தூண்டில் ஈயம் கிடைக்கும், வேண்டுமென்றால் வாங்கித் தருகிறேன்.


பெரம்பூர் பாலா

தூண்டில் ஈயம் அருமையான யோசனை, ஈயம் பூக்கிறதா என்று பார்க்க அதுவே போதும். பள்ளத்துக்குத் தடிமனான போல்ட்டின் மரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.


தாம்பரம் வேதியியல்

ஈயத்தைத் தொட்ட கையோடு எதையும் சாப்பிடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயம் நனைத்த மெழுகுப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் போகவே கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தத் தட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.


பெரம்பூர் பாலா

காய்ச்சியாகிவிட்டது. பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றை அம்மா இதற்கென்றே கொடுத்துவிட்டார். அது இனி என் பாத்திரம்.

ஒரே மெழுகு, மாறிய விகிதங்கள். எடையில் மெழுகு, கொழுப்பு, நல்லெண்ணெய் என்ற வரிசையில் 5:4:1 ஒன்று, 6:3:1 ஒன்று, 7:2:1 ஒன்று. கொழுப்பு என்பது ஆட்டுக்கொழுப்பு. 5:4:1 மட்டும் வனஸ்பதியில் தனியாக ஒரு தடவை, நெய்யில் ஒரு தடவை.

போல்ட்டுகளில் பூசி, ஒரு தகரத் தட்டில் வரிசையாக நிறுத்தி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். நேரடி வெயிலில் வைத்தால் இரும்பு கொதித்து எல்லாமே உருகும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. போட்டி மைதானத்திலும் குண்டுப் பெட்டி நிழலில்தான் இருக்கும்.

நெய் மதியத்துக்குள் தோற்றது. போல்ட்டின் அடியில் மஞ்சளாக ஒரு வட்டம். மரையில் பாதி காலி. வனஸ்பதி வியர்த்தது, வழியவில்லை. விரலால் தொட்டால் எண்ணெய் பளபளப்பு ஒட்டியது. ஆட்டுக்கொழுப்பு போட்ட 5:4:1 அசையாமல் நின்றது, ஆனால் பெருவிரலால் அழுத்தினால் நசுங்கியது. 6:3:1 நன்றாக இருந்தது: அழுத்தினால் பதிகிறது, விட்டால் நிற்கிறது. 7:2:1 கல். அதைக் குழலுக்குள் அனுப்ப எனக்கே மனமில்லை.

முக்குவதில் ஒரு நுட்பம், இதை ஓஹையோவில் குண்டுகளோடு செய்து பழகியது. மினியே குண்டின் அடி குடைந்திருக்கும். வெடிக்கும்போது அந்தக் குழியைச் சுற்றிய மெல்லிய விளிம்பு, அதாவது பாவாடை, விரிந்து குழலின் சுரியை (உள்ளே முறுக்கி ஓடும் வரிகளை) பிடிக்க வேண்டும். அந்தக் குழிக்குள் லூப் நிறைந்தால் மருந்துக்குப் பக்கத்தில் கொழுப்பு உட்கார்ந்ததாகிவிடும். குண்டின் கூர்முனையைப் பிடித்து, நேர் செங்குத்தாக, பள்ளங்கள் மூழ்கும்வரை மட்டும் இறக்க வேண்டும். குழிக்குள் இருக்கும் காற்று அடைபட்டு மெழுகை உள்ளே விடாது. துளி சாய்த்தாலும் குமிழி வெளியே போய் மெழுகு ஏறிவிடும். கலவை நன்றாக உருகி இருந்தால் மெல்லிய பூச்சு, சற்று ஆறி இருந்தால் தடித்த பூச்சு. நிறையக் குண்டு இருந்தால் தட்டில் நிற்கவைத்து மேல் பள்ளம்வரை ஊற்றி உறையவிட்டு எடுக்கலாம், ஆனால் குழி வைத்த குண்டுக்கு எனக்கு முக்குவதே பிடிக்கும்.


மெழுகுக்காரி

6:3:1 என்றதும் மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் மனதில் வைத்திருந்ததும் அதுதான். அந்த ஒரு பங்கு நல்லெண்ணெயை விளக்கெண்ணெயாக மாற்றி ஒரு தடவை பாருங்கள். உதட்டுச் சாயத்தில் அதைப் போடுவதே தடிப்பாக ஒட்டி நிற்பதற்காகத்தான். தேன்மெழுகோடு நன்றாகச் சேரும். பாரஃபின் கலவையில் மட்டும் போடாதீர்கள், இரண்டும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும்.


பரங்கிமலை சுபேதார்

பாலா தம்பி, மாடியில் வேலை நன்றாகச் செய்திருக்கிறீர்கள். மைதானத்துக்குப் போனதும் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள்: குழலின் வாய். மூன்று வளைய என்ஃபீல்டின் குழல் 39 அங்குலம். லூப் அவ்வளவு தூரமும் தாக்குப்பிடிக்க வேண்டும். சுட்ட பிறகு வாயின் விளிம்பில் ஈரமான கறுப்பு மை நட்சத்திர வடிவில் படிந்திருந்தால் லூப் கடைசிவரை போயிருக்கிறது. விளிம்பு வறண்டு சாம்பலாக இருந்தால், அடியில் எவ்வளவு வழுக்கினாலும் கடைசிச் சில அங்குலத்தில் கரி இறுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த குண்டை இறக்க ஆரம்பிக்கும் இடத்திலேயே கை தடுமாறும். அப்போது மெழுகைக் குறையுங்கள், அல்லது பள்ளத்தை முழுதாக நிரப்புங்கள்.


தாம்பரம் வேதியியல்

ஐயா சொன்ன இது மாடியால் சொல்ல முடியாத மறுபாதி. அந்த ஊர்க் காற்று வறண்டிருக்கும் நாளிலும் ஈரமாக இருக்கும் நாளிலும் வாயைப் பார்த்துக் குறித்துவையுங்கள் பாலா.


பெரம்பூர் பாலா

கட்டாயம். வெயில் மாதங்களுக்கு 6:3:1, அக்டோபருக்கு மேல் 5:4:1 என்று தனித்தனி டப்பா வைத்துக்கொள்கிறேன். செப்டம்பரில் இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப்பில் தேசிய மஸில் லோடர் போட்டி நடக்கும், அதற்கு முன்பே கிளப் மைதானத்தில் குழல் வாயைப் பார்த்துவிட வேண்டும். தூண்டில் ஈயத்தில் ஆட்டுக்கொழுப்புக் கலவை பூசிக் காகிதத்தில் சுற்றி அம்மாவின் பீரோ மேல் வைத்துவிட்டுப் போகிறேன். அடுத்த முறை வரும்போது பூத்திருக்கிறதா என்று தெரியும். இங்கிருந்து விகிதத்தை மட்டும் எடுத்துப் போகிறேன், டப்பாவை அல்ல. ஆட்டுக்கொழுப்பை விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது, அங்கே கறிக்கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.


திருத்தணி தோட்டம்

இழையை முழுதும் படித்தேன். எங்களிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்ற பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, அப்பா பெயரில். குழல் வழவழப்பானது, சுரி கிடையாது. மருந்து, தேங்காய் நார், ரவை என்றுதான் அப்பா போடுவார். இந்தக் கலவை அதற்கும் உதவுமா?


பரங்கிமலை சுபேதார்

ரவைக்குப் பூச வேண்டாம், உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டு பரவாமல் போகும். நாருக்கும் வேண்டாம், கொழுப்பு ஊறினால் மருந்தை நனைக்கும். உங்களுக்கு இது பயன்படும் இடம் வேறு: சுத்தம் செய்த பிறகு. குழலைக் கொதிக்கும் நீர் விட்டுக் கழுவுங்கள், கரிமருந்துப் படிவு தண்ணீரில்தான் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. சூட்டிலேயே நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, 5:4:1 கலவையைத் துணியில் தடவிக் குழலின் உள்ளேயும், கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) உட்காரும் முனையைச் சுற்றியும், அதன் மேல் அடிக்கும் குதிரை அசையும் இடத்திலும் மெல்லியதாகத் தேயுங்கள். மறுபடி மருந்து போடுமுன் உலர்ந்த துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள். உரிமப் புதுப்பிப்பு தேதியையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.


திருத்தணி தோட்டம்

நன்றி ஐயா. அப்பா இத்தனை நாளும் மண்ணெண்ணெய்தான் விட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கே வெந்நீர் வைக்கிறேன்.